புது டிவி வாங்கும் முன்: தர்மபுரி, கிருஷ்ணகிரி வீடுகளுக்கான கேள்வி பதில்

கடைக்குக் கிளம்பும் முன் வீட்டில் எதை அளக்க வேண்டும்?

மூன்று அளவுகள். உட்காரும் இடத்திலிருந்து டிவி வரப்போகும் சுவர் வரை எத்தனை அடி. டிவி நிற்கும் இடத்தின் அகலம் எவ்வளவு. உட்கார்ந்தால் உங்கள் கண் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது. இந்த மூன்றையும் ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். சீட்டு இல்லாமல் போனால், கடையில் எது பளபளவென்று தெரிகிறதோ அதுவே வீட்டுக்கு வந்துவிடும்.

கடையில் சொல்லும் 'அங்குலம்' திரையின் மூலைக்கு மூலை அளவு, அகலம் அல்ல. 32 அங்குல டிவியின் அகலம் சுமார் 72 செ.மீ., 43 அங்குலம் 96 செ.மீ., 50 அங்குலம் 112 செ.மீ., 55 அங்குலம் 123 செ.மீ., 65 அங்குலம் 145 செ.மீ. கம்பெனிக்குக் கம்பெனி ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கூடக்குறைய இருக்கும்.

இதில் அதிகம் ஏமாற்றுவது ஷோகேஸ். பழைய வீடுகளின் ஹாலில் கடப்பா கல் பலகை வைத்துக் கட்டிய ஷோகேஸ், பெட்டி டிவி காலத்துக் கணக்கு. அதன் நடு அறை 3 அடி என்றால் 91 செ.மீ.தான், 43 அங்குலம் அதற்குள் போகாது. கல்லை அறுக்க ஆள் தேடுவதைவிட, அந்த அறையில் செட்டாப் பாக்ஸையும் மோடத்தையும் வைத்துவிட்டு டிவியை வேறு சுவரில் மாட்டுவது மேல். டிவி ஷோகேஸ் அறைக்குள் சரியாகப் பொருந்தினாலும், பக்கவாட்டிலும் மேலேயும் 10 செ.மீ. காற்றுக்கு விட வேண்டும்.

எங்கள் ஹாலுக்கு எத்தனை அங்குலம் சரி?

4கே டிவி என்று வைத்துக்கொண்டால்: 5 முதல் 7 அடி தூரத்துக்கு 43, 6 முதல் 8 அடிக்கு 50, 7 முதல் 9 அடிக்கு 55, அதற்கு மேல் 65. பத்துக்குப் பத்து அறையில் கட்டிலில் சாய்ந்து பார்ப்பவருக்கு 43 தாராளம்.

இந்தக் கணக்கு நல்ல படம் உள்ளே வந்தால்தான். சாதாரண கேபிள் படம் மட்டுமே பார்க்கும் வீட்டில் ஒரு படி சின்னதாக வாங்குவது கண்ணுக்கு இதம். ஏன் என்பது அடுத்த பதிலில்.

புது 4கே டிவியில் கேபிள் சேனல் பழைய டிவியைவிட மோசமாகத் தெரிகிறது. டிவி கோளாறா?

டிவியில் கோளாறு இல்லை. அரசு கேபிள் ஆகட்டும், உள்ளூர் கேபிள்காரர் ஆகட்டும், வீட்டில் இருப்பது எஸ்டி (பழைய சாதாரணத் தரம்) பெட்டி என்றால் அது தரும் படம் 720க்கு 576 புள்ளிகள், மொத்தம் ஏறக்குறைய 4 லட்சம். 4கே திரையில் இருப்பது 3840க்கு 2160, அதாவது சுமார் 83 லட்சம் புள்ளிகள். வந்த ஒரு புள்ளியை டிவி இருபதாக இழுத்துக் காட்டுகிறது. 21 அங்குலப் பெட்டி டிவியில் மறைந்திருந்த குறையெல்லாம் 55 அங்குலத்தில் பூதாகாரமாகத் தெரியும். முகம் மெழுகு பூசியதுபோல் இருக்கும். கிரிக்கெட்டில் பந்து புகையாகிவிடும்.

சரிசெய்ய மூன்று வழிகள். முதலில் கம்பியைப் பாருங்கள். மஞ்சள், சிவப்பு, வெள்ளைக் கம்பியில் இணைத்திருந்தால், பெட்டியில் எச்டிஎம்ஐ துளை இருக்கிறதா என்று பார்த்து அதற்கு மாற்றுங்கள். இருப்பதில் கொஞ்சம் தெளிவு கூடும். இரண்டாவது, கேபிள்காரரிடமோ டிஷ் கம்பெனியிடமோ எச்டி பெட்டி கேட்டு, நீங்கள் உண்மையாகப் பார்க்கும் ஐந்தாறு சேனல்களுக்கு மட்டும் எச்டி எடுப்பது. எச்டி பெட்டி வாங்கிவிட்டு எஸ்டி பேக்கிலேயே இருந்தால் படம் மாறாது, இதைப் பலர் கவனிப்பதில்லை. மூன்றாவது, சேனல்களை இணையம் வழியாக ஆப்பில் பார்ப்பது.

ஆட்கள் குட்டையாகவும் அகலமாகவும் தெரிந்தால் அது வேறு விஷயம். 4:3 படத்தை 16:9 திரைக்கு இழுத்திருக்கிறது. செட்டாப் பாக்ஸ் மெனுவில் திரை விகிதத்தை மாற்றினால் சரியாகிவிடும்.

எச்டி ரெடி, ஃபுல் எச்டி, 4கே: எதற்குப் பணம் கொடுக்கலாம்?

எச்டி ரெடி என்பது 1366க்கு 768, ஃபுல் எச்டி 1920க்கு 1080. 32 அங்குலத்தில் எச்டி ரெடியே போதும். விலை வித்தியாசம் சில நூறு என்றால் மட்டும் ஃபுல் எச்டி எடுங்கள். 43இலும் அதற்கு மேலும் 4கே எடுங்கள். 8கேக்கு இங்கே பார்க்கப் படம் இல்லை.

எல்இடி, க்யூஎல்இடி, மினி எல்இடி, ஓஎல்இடி என்று கடைக்காரர் அடுக்குகிறாரே?

முதல் மூன்றும் ஒரே குடும்பம். எல்லாவற்றிலும் முன்னால் இருப்பது எல்சிடி பேனல். பின்னால் விளக்கு எப்படி எரிகிறது என்பதில்தான் வேறுபாடு. சாதாரண எல்இடியில் விளக்கு ஒட்டுமொத்தமாக எரியும். க்யூஎல்இடியில் நிறத்தைக் கூர்மையாக்கும் ஒரு படலம் சேர்ந்திருக்கும், அவ்வளவுதான். கறுப்பு கறுப்பாகத் தெரிய அது உதவாது. மினி எல்இடியில் சின்னச்சின்ன விளக்குகள் நூற்றுக்கணக்கில் பகுதி பகுதியாக எரிந்து அணையும். இருட்டுக் காட்சியில் வித்தியாசம் கண்கூடு. ஓஎல்இடி தனி இனம்: பின்விளக்கே கிடையாது, ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், தானே அணையும்.

படத்தில் ஓஎல்இடியை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் காலையில் போட்ட செய்திச் சேனல் ராத்திரி படுக்கும்வரை ஓடும் வீட்டுக்கு அது சரிப்படாது. கீழே ஓடும் செய்திப் பட்டையும் மூலையில் நிற்கும் சேனல் முத்திரையும் மாறாமல் ஒரே இடத்தில் எரிந்தால், நாளடைவில் அந்த இடம் நிரந்தரமாகக் கறையாகிவிடலாம். இந்தக் கறையைப் பல கம்பெனிகள் வாரண்டியில் சேர்ப்பதில்லை.

பேனலில் ஐபிஎஸ், விஏ என்கிறார்கள். எது நல்லது?

உட்காரும் முறையைப் பொறுத்தது. குடும்பமே ஹாலில் அங்கொருவர் இங்கொருவராக, சமையலறை வாசலில் நின்றபடி ஒருவர் என்று பார்க்கும் வீட்டுக்கு ஐபிஎஸ். பக்கவாட்டில் இருந்து பார்த்தாலும் நிறம் வெளுக்காது. நேராக உட்கார்ந்து, விளக்கை அணைத்துவிட்டுப் படம் பார்ப்பவருக்கு விஏ. ஐபிஎஸ் பேனலின் கறுப்பு, வெள்ளை வேறுபாடு பொதுவாக 1000க்கு 1 என்ற அளவில் இருக்கும். விஏ பேனலில் அது 3000க்கு 1, அதற்கு மேலும்.

கடைக்காரருக்கே இது தெரியாமல் இருக்கலாம். நீங்களே பார்க்கலாம்: டிவிக்கு நேராக நின்று, மெல்லச் சுவர் ஓரமாக நகருங்கள். முகத்தின் நிறம் சாம்பலாக வெளுத்தால் அது விஏ. இன்னொன்று, ஒரே வரிசை மாடலில் 43 அங்குலத்தில் ஒரு பேனலும் 55இல் வேறு பேனலும் போடுவது சகஜம். 55இல் பார்த்துவிட்டு 43ஐ எடுத்து வராதீர்கள்.

அட்டைப் பெட்டியில் எச்டிஆர், டால்பி விஷன் என்று ஒட்டியிருக்கிறது. அதற்காகக் கூடக் கொடுக்கலாமா?

எச்டிஆர் என்பது படத்தின் வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதல் வேறுபாட்டோடு காட்டும் முறை, டால்பி விஷன் அதில் ஒரு வகை. முதலில் திரையின் வெளிச்சம் எத்தனை நிட்ஸ் (வெளிச்சத்தின் அளவு) என்று கேளுங்கள். விலை குறைந்த டிவிகள் 250, 300 நிட்ஸ் அளவில்தான் நிற்கும். அந்த வெளிச்சத்தில் எச்டிஆர் படம் பல நேரம் சாதாரணப் படத்தைவிட மங்கலாகவே தெரியும். 500, 600 நிட்ஸுக்கு மேல் போனால்தான் அந்த ஒட்டுக்கு அர்த்தம் உண்டு. வாசல் கதவு நாள் முழுக்கத் திறந்தே கிடக்கும் வீட்டில், எச்டிஆருக்காக இல்லாவிட்டாலும் பகல் வெளிச்சத்துக்காகவே கூடுதல் நிட்ஸ் தேவை. அதைவிடச் சுலபம், வாசலுக்கு நேர் எதிர்ச் சுவரில் டிவியை மாட்டாமல் இருப்பது.

'120 ஹெர்ட்ஸ்' (திரை நொடிக்கு 120 முறை படத்தைப் புதுப்பிக்கும்) என்று எழுதியிருந்தால் பேனல் 120ஆ அல்லது மென்பொருள் செய்யும் வித்தையா என்று கேட்டுவிடுங்கள். கேம் ஆடுபவர்களுக்கும் கிரிக்கெட் பைத்தியங்களுக்கும் அது பயன்படும். சீரியலுக்கு 60 போதும்.

ஸ்மார்ட் டிவியில் எந்த மென்பொருள்? எல்லாம் ஆண்ட்ராய்டுதானே?

இல்லை. சாம்சங்கில் டைசன், எல்ஜியில் வெப்ஓஎஸ், வேறு பலவற்றில் கூகுள் டிவி. மூன்றும் நன்றாகவே வேலை செய்யும். கவனம் வேண்டியது நாலாவது ரகம்: பெயர் தெரியாத மலிவு டிவிகளில், கூகுள் அனுமதி பெறாத வெற்று ஆண்ட்ராய்டை ஏற்றி 'ஆண்ட்ராய்டு ஸ்மார்ட் டிவி' என்றே விற்பார்கள். அது கைபேசி ஆண்ட்ராய்டின் ஒரு நகல். நெட்ஃபிளிக்ஸ் வராது, வந்தாலும் எச்டியில் ஓடாது. ஒரு வருடத்தில் ஆப்கள் ஒவ்வொன்றாக நின்றுபோகும்.

கடையிலேயே இதைச் சோதிக்கலாம். டிவியை வைஃபையில் இணைக்கச் சொல்லுங்கள், வேண்டுமானால் உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டில். பிளே ஸ்டோரைத் திறந்து, அமைப்புகளில் 'சாதனம் சான்றளிக்கப்பட்டது' என்று வருகிறதா பாருங்கள். யூடியூபைத் திறந்து மைக்கில் தமிழில் ஒரு பாட்டு கேளுங்கள். ரிமோட்டை அழுத்தியதும் மெனு திணறாமல் நகர வேண்டும். நினைவகம் 2 ஜிபி ரேம், 8 ஜிபி சேமிப்பு என்பது குறைந்தபட்சம்; 16 ஜிபி சேமிப்பு இருந்தால் நிம்மதி. 1 ஜிபி ரேம் டிவி ஆறு மாதத்தில் பொறுமையைச் சோதிக்கும். அப்படி ஒன்று ஏற்கெனவே வீட்டில் இருந்தால் தூக்கிப்போட வேண்டாம். எச்டிஎம்ஐ துளையில் ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கை (ஆப்களை ஓட்டும் சின்னக் கருவி) செருகினால் பேனல் நன்றாக இருக்கும்வரை ஓடும்.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டுக்குள்ளேயே தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும். குரல் தேடலில் ஒன்றுக்கு மேற்பட்ட மொழி வேலை செய்கிறதா என்று அங்கேயே பேசிப் பாருங்கள். டிஷ் பேக் எடுக்கும்போது தமிழ்ப் பேக்கோடு கன்னட, தெலுங்குச் சேனல்களைத் தனித்தனியாகச் சேர்த்துக்கொள்ளலாம். மூன்று மொழிப் பெரிய பேக் எடுக்க வேண்டியதில்லை.

இணைய வேகம் எவ்வளவு வேண்டும்?

ஃபுல் எச்டிக்கு 5 எம்பிபிஎஸ், 4கேக்கு 15 எம்பிபிஎஸ் என்பது நெட்ஃபிளிக்ஸ் சொல்லும் கணக்கு. வீட்டில் மற்றவர்களும் போனில் இருப்பார்கள். ஆகவே 30, 40 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு போதுமானது. படம் சுற்றிக்கொண்டே நின்றால் பெரும்பாலும் குற்றம் வைஃபையில். கருங்கல் சுவரும் கான்கிரீட்டும் 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையை விழுங்கிவிடும். மோடம் அடுத்த அறையில் என்றால் 2.4 ஜிகாஹெர்ட்ஸில் இணைத்துப் பாருங்கள், அல்லது ஒரு லேன் கம்பியை இழுத்துவிடுங்கள்.

வத்தல்மலை, அஞ்செட்டிப் பக்கத்து மலைக் கிராமங்களில் சில இடங்களுக்குக் கம்பியும் வராது, போன் சிக்னலும் நிலையாக இருக்காது. அங்கே டிஷ்தான். மாதச் சந்தா கட்ட மனமில்லை என்றால் டிடி ஃப்ரீ டிஷ் இருக்கிறது. ஒரு முறை டிஷும் பெட்டியும் வாங்கினால் போதும், ஆனால் அதில் தமிழ்ச் சேனல்கள் சொற்பம்.

மின்னலுக்கும் மின்னழுத்த ஏற்ற இறக்கத்துக்கும் என்ன செய்வது? ஸ்டெபிலைசர் கட்டாயமா?

இரண்டும் வேறு வேறு ஆபத்து, மருந்தும் வேறு.

குறைந்த மின்னழுத்தத்துக்கு ஸ்டெபிலைசர் தேவையில்லை. டிவியின் முதுகில் இருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். '100-240' என்று போட்டிருந்தால், தோட்டத்து மோட்டார்கள் ஓடும் நேரத்தில் கரண்ட் 160க்கு இறங்கினாலும் டிவி பாட்டுக்கு ஓடும்.

கொல்வது அதிக மின்னழுத்தம். கம்பத்தில் நியூட்ரல் கம்பி அறுந்தாலோ தளர்ந்தாலோ, 230 வர வேண்டிய இடத்தில் 400 வரை ஏறலாம். டிவி, ஃபிரிட்ஜ், பல்பு எல்லாம் ஒரே நொடியில் போகும். 200 ரூபாய் ஸ்பைக் பாக்ஸ் இதைத் தடுக்காது. மெயின் போர்டில் 'ஓவர் வோல்டேஜ் கட்ஆஃப்' கருவி ஒன்றை எலக்ட்ரீஷியனிடம் சொல்லிப் போடுங்கள். டிவிக்கு மட்டுமன்றி மொத்த வீட்டுக்கும் அது காவல்.

மின்னல் இன்னும் சூட்சுமம். சித்திரை, வைகாசியில் சாயங்காலம் இடியோடு இறங்கும் கோடை மழைதான் இங்கே டிவிகளைப் பலி வாங்குகிறது. பலர் சுவிட்சை மட்டும் அணைக்கிறார்கள். சுவிட்சுக்குள் இருக்கும் இடைவெளி சில மில்லிமீட்டர்தான். மின்னல் அதைத் தாண்டிவிடும். பிளக்கைப் பிடுங்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கியவர்கள்கூட ஒன்றை மறக்கிறார்கள்: மாடியில் நிற்கும் டிஷிலிருந்தும், கம்பம் கம்பமாக வரும் கேபிள் வயரிலிருந்தும் பாய்ச்சல் செட்டாப் பாக்ஸுக்குள் வந்து, எச்டிஎம்ஐ வழியாக டிவியின் மெயின் போர்டைத் தாக்கும். வானம் கறுத்ததும் கேபிள் வயரையும் கழற்றுங்கள். ஃபைபர் கம்பி கண்ணாடி இழை என்பதால் அதில் மின்னல் வராது. மோடத்தின் மின்சார அடாப்டர் வழியாக வரும், எனவே லேன் கம்பியையும் உருவிவிடுங்கள். மின்னல் சேதத்துக்கு வாரண்டி கிடையாது.

செட்டாப் பாக்ஸ் கம்பியைத் தொட்டால் சுருக்கென்கிறதே?

இரண்டு முள் பிளக் கொண்ட டிவி, செட்டாப் பாக்ஸ்களில் உள்ளே இருக்கும் வடிகட்டிக் கண்டன்சர் வழியாக மிகச் சிறிய கசிவு இருக்கும். லேசான சுருக்கு அதனால்தான், பயப்பட வேண்டாம். விரல் உதறும் அளவுக்கு அடித்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். வீட்டு எர்த்தையும் அப்போதே பார்த்துவிடச் சொல்லுங்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் நாலடி தோண்டினால் பாறை தட்டும். எர்த் குழி ஆழம் போகாது, மண்ணும் காய்ந்து கிடக்கும். கரியும் உப்பும் போட்டு நிரப்பி, கோடையில் அவ்வப்போது ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால்தான் அந்த எர்த் வேலை செய்யும்.

இந்தக் கசிவினாலும் எச்டிஎம்ஐ துளைகள் பாழாகலாம். இரண்டு கருவியும் ஓடிக்கொண்டிருக்கும்போது கம்பியைச் செருகாதீர்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு, எச்டிஎம்ஐயைச் செருகிவிட்டு, பிறகு கரண்ட் கொடுங்கள்.

கரண்ட் பில் எவ்வளவு ஏறும்?

பயப்படும் அளவுக்கு இல்லை. 32 அங்குலம் 40, 50 வாட்; 43 அங்குல 4கே 80 முதல் 100; 55 அங்குலம் 120 முதல் 150. ஒரு நாளைக்கு 5 மணி நேரம் என்றால், 80 வாட் டிவி இரண்டு மாதத்துக்கு 24 யூனிட் எடுக்கும். 130 வாட் டிவி 39 யூனிட். கட்டண அடுக்கின் எல்லையை ஒட்டியே ஓடும் வீடுகள் மட்டும் இதைக் கணக்கில் எடுத்தால் போதும். நட்சத்திர லேபிளில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று அச்சிட்டிருக்கும். நட்சத்திரத்தை எண்ணுவதைவிட அந்த எண்ணை ஒப்பிடுங்கள்.

எந்த உயரத்தில் மாட்டுவது?

பெரும்பாலான வீடுகளில் டிவி பேருந்து நிலையத்தில் மாட்டியதுபோல் அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் இருக்கிறது. திரையின் நடுப்பகுதி கண் மட்டத்தில் வர வேண்டும். சோபாவில் உட்கார்ந்தால் அது தரையிலிருந்து 100 முதல் 110 செ.மீ.; பாய் விரித்துத் தரையில் உட்காரும் வீட்டில் 75, 80 செ.மீ. இரண்டும் கலந்த வீடு என்றால் 95இல் வையுங்கள். கைக்குழந்தை இருப்பதால் உயரம் வேண்டும் என்பவர்கள், சற்று கீழே சாயும் வகை பிராக்கெட்டைக் கேட்டு வாங்கலாம்.

எங்கள் சுவர் டிவியைத் தாங்குமா?

43 அங்குலம் 7 முதல் 9 கிலோ, 55 அங்குலம் 12 முதல் 16 கிலோ. எடை பெரிய விஷயமே இல்லை. துளை எதில் விழுகிறது என்பதே விஷயம்.

செங்கல் சுவரில் செங்கல்லின் நடுவே துளை போட்டு ஆங்கர் போல்ட் இறக்க வேண்டும். இரண்டு செங்கல்லுக்கு இடையே சாந்தில் விழுந்தால் நாளடைவில் தளரும். கருங்கல் கட்டடம் என்றால் சாதாரணத் துளைக்கருவி வெறும் சத்தம் போடும், இறங்காது. ஹேமர் டிரில்லும் புது கார்பைடு பிட்டும் கொண்டுவரச் சொல்லி முன்பே தகவல் கொடுங்கள். இல்லாவிட்டால் ஆள் வந்து பார்த்துவிட்டு 'மேஜையிலேயே வைங்க' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். ஹாலோ பிளாக் சுவரில் உள்ளே வெற்றிடம். சாதாரண பிளாஸ்டிக் பிளக் பிடிக்காது, உள்ளே போய் விரியும் வகை போல்ட் தேவை. மண் சுவரில் மாட்டவே வேண்டாம்.

டிவியின் முதுகில் ஏறும் திருகாணியும் முக்கியம். பெட்டியோடு வந்த திருகாணியையே போடச் சொல்லுங்கள். நீளமான ஒன்றை அழுத்தி முடுக்கினால் அது பேனலைப் பின்னாலிருந்து குத்தும்.

புது வீடு கட்டுகிறீர்களா? சுவருக்குள் கம்பி போக ஒன்றரை அங்குலக் குழாயாவது புதைக்கச் சொல்லுங்கள். ஒரு அங்குலக் குழாயின் வளைவில் எச்டிஎம்ஐயின் தலை சிக்கிக்கொள்ளும். பிளக் பாயிண்டை டிவிக்குப் பின்னால் மறையும்படி வையுங்கள், ஆனால் கை நுழைந்து பிளக்கைப் பிடுங்க இடம் விடுங்கள். இடி நேரத்தில் டிவியைக் கழற்றிக்கொண்டு நிற்க முடியாது.

பெங்களூரிலோ சேலத்திலோ வாங்கினால் லாபமா?

ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூர் 40 கிலோமீட்டர், தர்மபுரிக்காரர்களுக்குச் சேலம் 65 கிலோமீட்டர் என்பதால் இந்த ஆசை வரும். ஜிஎஸ்டி எங்கும் ஒன்றே. 22 செப்டம்பர் 2025 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கும் 28 சதவீதம் போய் 18 சதவீதம் ஆகிவிட்டது. ஆகவே வித்தியாசம் கடைக்காரர் விட்டுக்கொடுப்பதில்தான். பெரிய டிவி, பழைய மாடல் கழிவு என்றால் சில ஆயிரம் குறையலாம். 32, 43க்கு வண்டிச் செலவே அதைத் தின்றுவிடும்.

வாரண்டி பொதுவாக இந்தியா முழுக்கச் செல்லும். ஆனால் இலவச இன்ஸ்டலேஷன் உங்கள் முகவரிக்கு வருமா என்று பில் போடும் முன் கேளுங்கள். அதைவிட முக்கியம் சர்வீஸ். கம்பெனியின் எண்ணுக்கு அழைத்து உங்கள் பின்கோடைச் சொல்லுங்கள், தர்மபுரி நகருக்கு 636701, கிருஷ்ணகிரி நகருக்கு 635001, கிராமம் என்றால் உங்களுடையது. ஆள் எங்கிருந்து வருவார், எத்தனை நாளில் வருவார் என்று கேளுங்கள். 'சேலத்திலிருந்து வரணும்' என்ற பதில் வந்தால், அரூருக்கும் பென்னாகரத்துக்கும் அது என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்.

வீட்டுக்கு எப்படிக் கொண்டுவருவது?

நிமிர்த்தி வைத்து. படுக்கப்போட்டால் வேகத்தடையில் ஏறி இறங்கும்போது பேனல் தன் எடையிலேயே வளைந்து உள்ளுக்குள் விரியும். வெளியே கீறல்கூட இருக்காது. போட்டால் கோடு கோடாக வரும். டிவிஎஸ் எக்ஸ்எல்லில் முன்னால் 43 அங்குலப் பெட்டியை வைத்து ஓட்டிவரும் காட்சி நம் ஊரில் சகஜம். பேனல் மாற்றும் செலவு டிவி விலையில் பாதியைத் தாண்டும் என்று தெரிந்தவர்கள் அதைச் செய்ய மாட்டார்கள். குட்டி யானையில் ஓட்டுநர் சீட்டுக்குப் பின்பக்கப் பலகையோடு நிமிர்த்திச் சாத்தி, கயிற்றை அட்டையின் முகப்பில் அழுத்தாமல் ஓரங்களில் கட்டுங்கள்.

பெட்டி வந்ததும் என்ன பார்க்க வேண்டும்?

கம்பெனி ஆள் வரும்வரை பிரிக்காதீர்கள். பிரிக்கும்போது போனில் வீடியோ எடுங்கள், வெட்டாமல் ஒரே ஓட்டமாக. பெட்டியிலும் டிவி முதுகிலும் பில்லிலும் உள்ள வரிசை எண் மூன்றும் ஒன்றா? பெட்டியில் உற்பத்தி மாதம், ஆண்டு அச்சிட்டிருக்கும். ஒன்றரை, இரண்டு வருடம் பழையது என்றால் விலை குறைத்துக் கேளுங்கள் அல்லது வேறு பெட்டி கேளுங்கள். பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் 'ஆர்' என்று தொடங்கும் எண்ணும் இருக்க வேண்டும்.

பிறகு யூடியூபில் முழுத் திரைச் சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, கறுப்பு ஒவ்வொன்றாக ஓட்டிப் பாருங்கள். அசையாத புள்ளி தெரிகிறதா? கறுப்பில் மூலைகளில் வெளிச்சம் கசிகிறதா? ஆள் இருக்கும்போதே காட்டி, வேலைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

முதல் முறை போடும்போது 'ஹோம்', 'ஸ்டோர்' என்று கேட்கும். ஹோம் கொடுங்கள். படத்தை 'விவிட்'டிலிருந்து 'சினிமா'வுக்கு மாற்றுங்கள். முதல் நாள் மஞ்சளாகத் தோன்றும். நாலு நாளில் கண் பழகிவிடும், பிறகு விவிட்டைப் பார்க்கவே கூசும்.

வட்டியில்லா இஎம்ஐ உண்மையா?

பாதி. 30,000 ரூபாய் டிவியை ரொக்கத்துக்கு 28,000க்குத் தருவார் என்றால், இஎம்ஐயில் அந்த 2,000 தள்ளுபடி போய்விடும். அதோடு செயல்பாட்டுக் கட்டணம், சில சமயம் கேட்காமலே சேர்க்கும் நீட்டித்த வாரண்டியும் காப்பீடும். மொத்தமாக எவ்வளவு கட்டுவேன் என்று ஒரே எண்ணாக எழுதி வாங்குங்கள். அதிலிருந்து ரொக்க விலையைக் கழித்தால் வருவதுதான் வட்டி, பெயர் எதுவானாலும்.

டிவி கெட்டு, கடையும் கம்பெனியும் கையை விரித்தால்?

புகார் எண் இல்லாமல் எதையும் பேசாதீர்கள். கம்பெனியில் புகார் பதிந்து எண் வாங்கி, வந்த ஆளின் அறிக்கையைப் படம் எடுத்து வையுங்கள். பில் பளபளத் தாளில் அச்சானது என்றால் எழுத்து மங்கிவிடும். வாங்கிய அன்றே படம் எடுத்துவிடுங்கள். நகராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதியுங்கள். பல வழக்குகள் அங்கேயே தீரும். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும்.

திரையை எதால் துடைப்பது?

அணைத்து, ஆறிய பின், மைக்ரோஃபைபர் துணியால் உலர்வாக. கை ரேகை போகாவிட்டால் துணியை லேசாக நனைத்துப் பிழிந்து துடையுங்கள். போர் தண்ணீர் வேண்டாம். உப்பு வெள்ளைத் திட்டாகப் படிந்துவிடும். கண்ணாடி துடைக்கும் திரவம், ஸ்பிரிட் இரண்டும் திரையின் மேற்பூச்சை உரிக்கும். திரையில் நேராகத் தெளிக்கவே கூடாது, ஓரமாக வழிந்து கீழ் விளிம்பில் இருக்கும் மின்சுற்றில் இறங்கும்.

முதுகுப்பக்கக் காற்றுத் துளைகளை மாதம் ஒருமுறை தூரிகையால் தட்டிவிடுங்கள். குவாரி, கிரானைட் பட்டறை அருகே என்றால் வாரம் ஒருமுறை. சூட்டுக்காகப் பல்லி உள்ளே போய்ப் பவர் போர்டில் கருகுவது நம் வீடுகளில் நடப்பதுதான். டிவியைச் சுவரோடு ஒட்டாமல் மாட்டினால், அது அங்கே குடியேறுவதையாவது பார்க்கலாம்.

பழைய பெட்டி டிவியை என்ன செய்வது?

2006இல் தொடங்கிய அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் வந்த 14 அங்குலப் பெட்டி இன்னும் பல பரண்களில் தூங்குகிறது. எக்ஸ்சேஞ்சில் அதற்குச் சில நூறு கிடைத்தால் கொடுத்துவிடுங்கள். செம்புக்காக உடைக்க வேண்டாம்: கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, படக்குழாயில் மின்சாரம் தேங்கி நிற்கும், அணைத்து நாளானாலும் கையை உதறவைக்கும். எக்ஸ்சேஞ்சில் எடுக்காவிட்டால், புது டிவி கம்பெனியின் உதவி எண்ணில் மின்கழிவு சேகரிப்பு எங்கே என்று கேட்டு அங்கே சேர்த்துவிடுங்கள்.